மூடுபனி போய் காற்று வருகிறது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

“காலையில் மூடுபனி படிப்படியாக விலகும், பிற்பகல் முதல் பலத்த காற்று வீசும்.” இப்படி ஒரு முன்னறிவிப்பு வந்தாலே கேள்விகள் குவிந்துவிடும். ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: காலையில் ஒரு இலைகூட அசையவில்லை. மதியம் பலத்த காற்று என்றால் எப்படி நம்புவது?

நம்பலாம். இரவில் தரை குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகித் தங்கிவிடும். அதன் மேலே வெப்பமான காற்று ஒரு மூடி போலப் படுத்திருக்கும். சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று ஏற்கெனவே வேகமாக ஓடிக்கொண்டிருந்தாலும், மூடிக்குக் கீழே நிற்கும் நமக்கு அது தெரியாது. வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி உடைகிறது, மேலே ஓடிய காற்று கீழே இறங்குகிறது. பனி விலகுவதும் காற்று எழுவதும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள்தான். கூடவே ஒரு காற்றழுத்தத் தாழ்வும் நெருங்கினால், அழுத்த வேறுபாடு கூடி வேகம் இன்னும் ஏறும். வானிலை வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் (ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைப்பவை) நெருங்கி நின்றால் அதுதான் பொருள்.

கேள்வி: சார், பனி சரியாக எத்தனை மணிக்கு விலகும்?

சரியான மணி சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். மூடுபனி தன் மீது விழும் வெயிலில் ஒரு பகுதியை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். மீதி வெயில் தரையைச் சூடாக்க வேண்டும். மெல்லிய படலம் சீக்கிரம் கலையும், தடித்தது முற்பகல் முழுக்க நிற்கும். மேலே இன்னொரு மேக அடுக்கு வந்துவிட்டால் இன்னும் தாமதம். பொதுவாக ஓரங்களில் முதலில் கரையும், பள்ளத்தாக்கின் நடுவில் கடைசியாக.

கேள்வி: பனி போய்விட்டது என்கிறார்கள், வானம் இன்னும் சாம்பலாகவே இருக்கிறதே?

பனி கரையவில்லை, எழும்பியிருக்கிறது. தரையை விட்டு மேலே போனதும் அதற்குப் பெயர் தாழ்மேகம். சாலை தெரியும், சூரியன் தெரியாது.

கேள்வி: மூடுபனிக்கும் லேசான பனிமூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி. அதற்கு மேல் என்றால் பனிமூட்டம். அவ்வளவுதான்.

கேள்வி: “மணிக்கு 30 கி.மீ., இடையிடையே 55 கி.மீ.” என்று போட்டிருக்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

பெரிய எண்ணைத்தான். முதல் எண் சராசரி வேகம், பொதுவாக 10 நிமிடங்களுக்குக் கணக்கிடுவது. இரண்டாவது சில வினாடிகளே நீடிக்கும் வீச்சு. தகரத்தைப் பெயர்ப்பதும் கிளையை முறிப்பதும் அந்தச் சில வினாடிகள்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். 30-லிருந்து 55 என்றால் வேகம் இரண்டு மடங்குகூட இல்லை, ஆனால் தள்ளும் விசை மூன்று மடங்கைத் தாண்டிவிடும். இன்னொன்று, இந்த எண்கள் திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானவை. உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில் வேகம் இன்னும் கூடலாம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவேயான சந்திலும்கூட. மாடியில் தொட்டிச் செடிகள் வைத்திருப்பதாக எழுதியவரே, அவற்றைக் காலையிலேயே கீழே இறக்கிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பைக்கில் விடியற்காலை போய் சாயங்காலம் திரும்புவேன்.

இரண்டுமே உங்களுக்குத்தானா! காலையில் விளக்கைத் தாழ்வாகவே வையுங்கள். தூர விளக்கின் ஒளி நீர்த்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கை நம்பி ஒட்டிப் போக வேண்டாம். சாயங்காலம் ஆபத்தான இடங்கள் பாலமும், லாரியைக் கடந்து வெளியே வரும் கணமும். லாரி மறைத்திருந்த காற்று திடீரென்று பக்கவாட்டில் தள்ளும்.

கேள்வி: எங்கள் கடற்கரையில் காற்று அடித்தும் பனி போகவில்லையே?

நல்ல கேள்வி. மேலே சொன்னதெல்லாம் தரை குளிர்வதால் வரும் பனிக்கு. உங்களுடையது வேறு. ஈரமான வெப்பக் காற்று குளிர்ந்த கடல்மீது நகரும்போது உண்டாவது. அதைக் கொண்டுவருவதே காற்று என்பதால், மிதமான காற்றிலும் அசையாது. வேகத்தைவிட திசையைக் கவனியுங்கள். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பினால்தான் பெரும்பாலும் விடிவு.

கேள்வி: காற்று வந்தால் குளிர் கூடுமா?

உடம்புக்குக் கூடும், வெப்பமானிக்கு அப்படியில்லை. காற்றுள்ள இரவில் மேல்காற்றும் கீழ்காற்றும் கலந்துகொண்டே இருப்பதால், அதே மாதிரியான அசைவற்ற இரவைவிட வெப்பம் குறைவாகத்தான் இறங்கும். உங்கள் தோலை ஒட்டிய வெதுவெதுப்பை மட்டும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: காற்று நின்றதும் பனி மறுபடி வருமா?

வானம் தெளிந்து, தரை ஈரமாக இருந்து, இரவில் காற்றும் அடங்கினால் வரலாம். முன்னறிவிப்பில் இரவுக் காற்றின் வேகத்தை முதலில் பாருங்கள். மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போட்டிருந்தால் தரை குளிர்வதால் வரும் மூடுபனிக்கு வாய்ப்பு குறைவு. காற்று சுத்தமாக நின்றுவிட்டாலும் பல நேரம் புல்லில் வெறும் பனித்துளிதான் மிஞ்சும். மூடுபனி எழும்ப லேசான அசைவு வேண்டும்.