வேற்றுக்கிரகக் குரல் வேண்டுமா? முதலில் மெதுவாகப் பாடுங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு இந்த வருடம் ஒரு காமெடி நாடகம் போடுகிறது. கதை 1958-ல் ஒரு அமெரிக்கச் சிற்றூரில் நடக்கிறது. அங்கிருக்கும் வானொலி நிலையத்துக்குள் வேற்றுக்கிரகவாசி ஒருவன் நுழைந்து, பாட சான்ஸ் கேட்கிறான். அந்தக் காலத்து அமெரிக்க விளையாட்டுப் பாட்டுகளில் வருமே, அந்தக் கீச்சுக் குரல் எங்களுக்கு வேண்டும். மொபைல் ஆப்பில் பிட்சை ஏற்றிப் பார்த்தோம், தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல இருக்கிறது, ஒரு வார்த்தையும் புரியவில்லை. எங்கே தப்பு செய்கிறோம்? பேசாமல் பழைய பாட்டையே போட்டுவிடலாமா?

பதில்: ஆப்பைத் திட்டாதீர்கள். சாதாரண வேகத்தில் பாடிவிட்டு அப்புறம் சுருதியை மட்டும் தூக்குகிறீர்கள், சிக்கல் அங்கேதான். 1958-ல் இந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தவர்கள் அப்படிச் செய்யவே இல்லை. டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதியும் ஏறும், பாட்டின் வேகமும் ஏறும், இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. அதனால் டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவரும் இழுத்து இழுத்துப் பாதி வேகத்தில் பாடுவார், பிறகு முழு வேகத்தில் ஓட்டும்போது பாட்டு சரியான நடைக்கு வந்துவிடும், குரல் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே போய் உட்கார்ந்துவிடும்.

இந்த வித்தையைப் பிரபலப்படுத்தியவர் ராஸ் பாக்தசாரியன், ஆர்மீனிய வம்சாவளி அமெரிக்கர். கையில் மிச்சமிருந்த 200 டாலரில் 190 டாலருக்கு, வேகத்தை மாற்றக்கூடிய டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1958-ல் டேவிட் செவில் என்ற பெயரில் அவர் வெளியிட்ட 'விட்ச் டாக்டர்' பாட்டு, அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டில் முதலிடம். அதே வருடக் கடைசியில் வந்ததுதான் மூன்று சிப்மங்க் அணில்கள் பாடும் பாட்டு. மூன்று அணில்களும் அவரே, அவற்றை அதட்டும் மனிதனும் அவரே. இடையில் ஜூன் மாதம், அமெரிக்கப் பாடகர் ஷெப் வூலியின் 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்' (வானத்திலிருந்து இறங்கும் ஜந்து ஒன்றைப் பற்றிய பாட்டு) வந்து ஆறு வாரம் முதலிடத்தில் குந்தியிருந்தது. நண்பரின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்த ஒரு கடிஜோக்தான் அதன் விதை. அதில் ஜந்துவின் குரல் மட்டுமல்ல, சாக்ஸபோனும் வேகம் கூட்டப்பட்டது.

சரி, கம்ப்யூட்டரில் இதைச் செய்வது சுலபம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணி இசையை முதலில் முழு வேகத்திலேயே தயார் செய்து, அதற்கு ஒரு நகல் போட்டு, அந்த நகலுக்கு மட்டும் 'சேஞ்ச் ஸ்பீட்' எஃபெக்ட்டில் (புதிய பதிப்பில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்') பெருக்கு எண்ணாக 0.5 கொடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'சேஞ்ச் பிட்ச்' பக்கம் போகவே வேண்டாம், உங்கள் ஆப் செய்ததும் கிட்டத்தட்ட அதைத்தான். மெதுவான நகலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடிப் பதிவு செய்து, பாடிய டிராக்குக்கு 2 கொடுத்தால் முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், பதிவை 0 நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். பாட்டு இருபதாவது நொடியில் ஆரம்பித்தாலும் முன்னால் இருக்கும் மௌனத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் வேகம் கூட்டியதும் குரல் ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம் என்று ஓடும்.

இரண்டு மடங்கு என்றால் கீழ் ஸ போய் மேல் ஸ வந்துவிடும், அது அணில் குரல். உங்கள் வேற்றுக்கிரகவாசிக்கு அது அதிகம் என்பது என் கருத்து. 1.5 மடங்கு போதும், கணக்குப்படி அது ஸ-விலிருந்து ப. நகலை 0.667-க்கு இறக்கிப் பாடி, 1.5-க்கு ஏற்றுங்கள். வார்த்தையும் தெளிவாகக் கேட்கும், ஆளும் குள்ளமாகத் தெரிவான்.

பாடுகிறவர் யார் என்பதுதான் முக்கால்வாசி வேலை. குழுவிலேயே நன்றாகக் கர்நாடக சங்கீதம் கற்றவரைத்தான் எல்லோரும் மைக் முன்னால் தள்ளுவீர்கள், செய்யாதீர்கள். கமகமெல்லாம் இரண்டு மடங்கு வேகமாகும்போது ஆடு கத்துவதுபோல ஆகிவிடும். நேர் சுரமாக, அசைவில்லாமல் பாடுகிறவர் வேண்டும், குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. வல்லினத்தை அழுத்தி, உயிரெழுத்தை நீட்டிப் பாடச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொள்ளட்டும், ஏறிய வேகத்தில் அந்த மூச்சு 'உஸ்க் உஸ்க்' என்று குத்தும். சிரித்துக்கொண்டே பாடவும் கூடாது. பாடுகிறவர் படு சீரியஸாகப் பாடினால்தான் கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும்.

பின்னணிக்கு வருவோம். விண்வெளிப் படங்களில் ஊளையிடுமே, அது பெரும்பாலும் தெரமின் என்ற கருவி, கையால் தொடாமலே வாசிப்பது. ஹாலிவுட்டில் அதை அதிகம் வாசித்த சாமுவேல் ஹாஃப்மன் தொழில்முறையில் கால் நோய் மருத்துவர், பகலில் கால் ஆணி, இரவில் விண்கலம். உங்களிடம் தெரமின் இருக்காது. கீபோர்டில் சைன் அலை ஒலியைத் தேர்ந்தெடுத்து, போர்டமென்டோவைப் போட்டு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போங்கள், ஏறக்குறைய அதே வரும். யூடியூபில் தேடினால் முதலில் 'டெல்ஸ்டார்' வந்து நிற்கும், அருமையான இசைதான், ஆனால் அது 1962-ல் அதே பெயருள்ள செயற்கைக்கோளை ஏவிய பிறகு லண்டனில் ஜோ மீக் ஒரு கடைக்கு மேலிருந்த தன் வீட்டு ஸ்டூடியோவில் செய்தது, உங்கள் கதைக்கு நான்கு வருடம் தள்ளி. அதில் கேட்பதும் தெரமின் இல்லை, கிளாவியோலின் என்ற மின்னணுக் கீபோர்டு. நமக்கு அந்நியமான கருவியும் இல்லை, 1954 'நாகின்' இந்திப் படத்தில் மகுடி ஊதியது அதுதான்.

எதிரொலியை அள்ளிக் கொட்டாதீர்கள். அக்காலத்து ராக்-அண்ட்-ரோல் பதிவுகளில் கேட்பது டேப்பின் ஒற்றை எதிரொலி. டிலே, அதாவது எதிரொலி திரும்பி வரும் இடைவெளி, 130 மில்லிவிநாடி, ஒரே ஒரு தடவை திரும்பி வந்தால் போதும்.

வானொலி நிலையம் என்றதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது 1956-ல் பியூகானனும் குட்மனும் போட்ட 'ஃபிளையிங் சாஸர்' (பறக்கும் தட்டு) ரெக்கார்டு. நிருபர் கேள்வி கேட்பார், பதிலுக்கு அப்போதைய ஹிட் பாட்டுகளிலிருந்து வெட்டிய ஒரு வரி வந்து விழும். நம் ஊர் மீம் வீடியோவுக்குத் தாத்தா. இசை வெளியீட்டாளர்கள் கேஸ் போட்டார்கள், அதையும் அவர்கள் கிண்டலடித்து இன்னொரு ரெக்கார்டு போட்டார்கள். உங்கள் நாடகத்துக்கு இந்த உத்தி அப்படியே பொருந்தும்.

பாட்டை நீங்களே எழுதுவதாக இருந்தால், வந்திறங்கியவனுக்கு உலகைப் பிடிக்கும் ஆசையெல்லாம் வேண்டாம், அற்ப ஆசை ஒன்றைக் கொடுங்கள். வூலியின் ஜந்து ராக்-அண்ட்-ரோல் குழுவில் வேலை கேட்டுத்தான் வந்தது. 1957 அக்டோபரில் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் தலைக்கு மேல் சுற்ற ஆரம்பித்து அமெரிக்கா வெலவெலத்துப் போயிருந்த நேரத்தில் அந்த ஜோக் எப்படி எடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அணுகுண்டை நேரடியாக வைத்துப் பாடியதும் உண்டு. ராக்-அண்ட்-ரோல் பாடகர் பில் ஹேலியின் 1954 ரெக்கார்டில் முதல் பக்கம் ஹைட்ரஜன் குண்டுக்குப் பிறகு ஒரே ஆணும் பதின்மூன்று பெண்களும் மிஞ்சுவதாகக் கனவு காணும் பாட்டு, பின்பக்கத்தில் சும்மா இருந்த 'ராக் அரவுண்ட் த கிளாக்' பிறகு உலகப் புகழ் பெற்றது. அமெரிக்கப் பாடகி வாண்டா ஜாக்சனின் 'ஃபுஜியாமா மாமா' ஹிரோஷிமா, நாகசாகி பெயர்களைக் காதல் வீறாப்புக்கு இழுக்கும். ஜப்பானிலேயே ஹிட் ஆன பாட்டுதான், ஆனாலும் கல்லூரி மேடையில் நான் போடமாட்டேன்.

பழைய பாட்டையே போடலாமா என்றால், பார்வையாளர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புள்ளவர்கள் என்ற அளவில் இருந்தால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கல்வி நிறுவன நிகழ்ச்சிக்கு விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு ஊரைக் கூப்பிட்டாலோ யூடியூபில் ஏற்றினாலோ கதை வேறு. இங்கே ஒலிப்பதிவின் உரிமை 60 வருடம், 1958 ரெக்கார்டுகளுக்கு அது 2018-ன் முடிவில் தீர்ந்துவிட்டது. ஆனால் பாட்டை எழுதியவரின் உரிமை அவர் இறந்து 60 வருடம் வரை ஓடும், வூலி காலமானது 2003-ல். அமெரிக்காவிலோ 1958 ஒலிப்பதிவுக்கு 2067 வரை பாதுகாப்பு இருக்கிறது. சொந்தப் பாட்டு என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

அப்புறம், மேடையில் வாயசைக்கப் போகிறவருக்கு வேகம் கூட்டிய கடைசி ஃபைலைக் குறைந்தது ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். மெதுவான பதிவைக் கேட்டுப் பழகியவருக்கு அந்த வேகத்தில் வாய் ஓடாது.