நோட்டீஸில் 50 லட்சம், ஃபேஸ்புக்கில் 300 கமெண்ட்

கேள்வி: என் கணவர் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர். எங்கள் மாவட்டத்தில் திருவிழாக் கச்சேரிக்குப் போகிற யாருக்கும் அவரைத் தெரியும். ஒன்பது வருடமாக அடி. போன மாதம் உதடு கிழிந்து ஜி.எச்.சில் தையல் போட்ட அன்று ராத்திரி, ஆத்திரத்தில் ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டேன். 300 கமெண்ட் வந்தது, பாதிப் பேர் 'நீயும் ஆம்பர் ஹேர்ட் மாதிரி நடிக்கிறாய்' என்றார்கள். இப்போது அவதூறு என்று 50 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ், 15 நாளில் மன்னிப்பு கேட்க வேண்டுமாம். அண்ணன் பதிவை அழித்துவிட்டுச் சும்மா இரு என்கிறான். ஒரு யூடியூப் சேனல்காரர் பேட்டி கேட்கிறார். கிரிக்கெட் வீரர் மனைவியின் வழக்கே வருடக்கணக்கில் இழுக்கிறது, நான் எம்மாத்திரம்? புகார் கொடுத்தால் என்னைத்தான் உள்ளே போடுவார்களா மேடம்?

பதில்: போட மாட்டார்கள். முதலில் அந்த பயத்தை விடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் சம்மன் இல்லை, அது ஒரு கடிதம். அதில் 50 லட்சம் என்று எழுதக் காசு வேண்டாம், 5 கோடி என்றும் எழுதலாம். ஆனால் அந்தத் தொகைக்கு நிஜமாக வழக்குப் போட வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், அதாவது ஒன்றரை லட்சம் ரூபாயை முதலில் அவர் எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேயே வேகம் குறைந்துவிடும். கிரிமினல் அவதூறு என்றாலும் போலீஸ் வந்து கதவைத் தட்டாது. அவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்காமல் கோர்ட் அதைக் கோப்பில் எடுக்கவும் முடியாது.

சரி, ஆம்பர் ஹேர்ட், அந்த ஹாலிவுட் நடிகை. உங்களைத் திட்டிய முக்கால்வாசிப் பேர் அந்த வழக்கின் ரீல்ஸைத்தான் பார்த்திருப்பார்கள். அது குடும்ப வன்முறைக் குற்றவழக்கே இல்லை, அவர் எழுதிய ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக முன்னாள் கணவர், நடிகர் ஜானி டெப் போட்ட அவதூறு வழக்கு. 2022 ஜூனில் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் ஜூரி பெரும்பாலும் டெப் பக்கம் தீர்ப்பு சொன்னது, ஹேர்ட்டுக்கும் எதிர்வழக்கில் 20 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அதே டெப், அதற்கு முன்பு 'மனைவியை அடிப்பவர்' என்று எழுதியதற்காக லண்டனில் தி சன் பத்திரிகை மேல் போட்ட வழக்கில் தோற்றார். 2020 நவம்பரில் நீதிபதி நிகோல், சொல்லப்பட்ட 14 சம்பவங்களில் 12 நடந்தவைதான் என்று தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்புக்கு யாரும் ரீல்ஸ் போடவில்லை. இரண்டு தேசத்து அவதூறுச் சட்டத்தை வைத்து உங்கள் உதட்டுத் தையலை எடைபோடுகிறவர்களுக்கு நீங்கள் பதில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இப்போது உங்களுக்கு உண்மையில் வேண்டிய ஒரே ஒரு விஷயம். அவதூறுக்கு நம் சட்டத்தில் பல விதிவிலக்குகள் உண்டு, மற்றதை விடுங்கள், எட்டாவதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சட்டப்படி அதிகாரம் உள்ளவரிடம், நல்லெண்ணத்தோடு குற்றம் சொன்னால் அது அவதூறு ஆகாது. 'என்னை அடித்தார்' என்ற அதே வாக்கியத்தை மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு உண்டு. மாஜிஸ்திரேட்டிடம், பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னாலும் உண்டு. ஃபேஸ்புக்கில் எழுதினால் இது கிடைக்காது, உண்மை என்றும் பொது நன்மைக்கு என்றும் நீங்கள் மாரடிக்க வேண்டியிருக்கும். பத்திரிகையாளர் பிரியா ரமணி, முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் மேல் பாலியல் தொல்லைப் புகாரை அப்படிப் பொதுவெளியில் எழுதி, அவர் போட்ட அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரியில் விடுதலை ஆனார். உண்மைதான், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் கோர்ட் படி ஏறிய பிறகு. புகாரின் நகலைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அவருக்குக் கச்சேரி கொடுக்கிற கோயில் கமிட்டிக்கு அனுப்பினாலும் அப்படித்தான், கமிட்டித் தலைவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சட்டப்படி அவருக்கு இதில் அதிகாரம் கிடையாது. கோபத்தில் இதைத்தான் முதலில் செய்வார்கள், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆகவே பதிவை அழிக்காதீர்கள். கமெண்டோடு, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, உங்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றி வையுங்கள். மன்னிப்பு என்று எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

அடுத்தது ஜி.எச். தையல் போட்ட அன்று கேஷுவாலிட்டியில் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர் எழுதியிருப்பார்கள், அந்த ஏ.ஆர். காப்பிதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. அதில் 'தெரிந்த நபர் வீட்டில் வைத்துக் கையால் தாக்கியதாக' என்று இருக்கிறதா, அல்லது 'பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக' என்று இருக்கிறதா? என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர் பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்று வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருப்பார்கள். நீங்களும் அப்படிச் சொல்லியிருந்தால் பயப்பட வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னேன், அப்போது பக்கத்தில் யார் நின்றார் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். மறைத்தால்தான் குறுக்கு விசாரணையில் மாட்டுவீர்கள்.

புகாரை எங்கே கொடுப்பது? மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், பெண்கள் உதவி எண் 181-ல் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். அவர் குடும்பச் சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவே வாங்கலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை. இப்போது அம்மா வீட்டில் இருந்தால் அந்த ஊர் கோர்ட்டிலேயே போடலாம். ஊர் வாய்க்குப் பயந்தால் மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லியும் கேட்கலாம். போலீஸில் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். உடனே கைது செய்வார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள், 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இந்த வகை வழக்கில் பிடித்தவுடன் உள்ளே போடுவதில்லை.

இனி நான் சண்டைபோட விரும்புகிற ஆட்கள். மகளிர் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நிற்பார். 'இன்ஸ்பெக்டர் மேடம் நம்ம ஆளு, நாற்பதாயிரம் கொடுங்க, பேசி முடிச்சிடலாம்' என்பார். பேசி முடிப்பது என்றால் உங்களிடம் வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வாங்கி, இரண்டு பக்கமும் காசு பார்ப்பது. கையெழுத்தும் போடாதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். பெண்களுக்கு, எவ்வளவு வருமானம் இருந்தாலும், கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும். யூடியூப் சேனல்காரரும் டீக்கடை ஆளுக்குச் சித்தப்பா முறைதான். உங்கள் அழுகையை வைத்து ஒரு வாரம் ஓட்டுவார், அடுத்த வாரம் உங்கள் கணவரை உட்காரவைத்துப் 'பதிலடி' போடுவார். நீங்கள் கேமரா முன் தேதி மாற்றிச் சொன்ன ஒரு வரியை எதிர்க்கட்சி வக்கீல் கோர்ட்டில் போட்டுக் காட்டுவார்.

கிரிக்கெட் வீரர் என்று நீங்கள் சொல்வது முகமது ஷமி வழக்கு. 2018 மார்ச்சில் மனைவி ஹசின் ஜஹான் கொல்கத்தாவில் புகார் கொடுத்தார், ஷமி எல்லாவற்றையும் மறுத்தார். நாடு முழுக்க அப்போது யோக்கியன் யார் என்று பட்டிமன்றம் நடத்தியது. சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? குடும்ப வன்முறை மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டுமாம்! ஷமி வழக்கில் 2023 ஜனவரியில் மனைவிக்கு மாதம் 50,000, மகளுக்கு 80,000 என்று இடைக்கால உத்தரவு வந்தது. 2025 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஒன்றரை லட்சம், இரண்டரை லட்சம் என்று உயர்த்தியது. ஏழு வருடம். அறுபது நாள் என்று எழுதியவர்களைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தம்மாவுக்கு மாதா மாதம் பணம் வர உத்தரவு கிடைத்தது கமெண்ட் போட்டவர்களால் இல்லை, மனு போட்டதால்.

உங்கள் கணவரின் வருமானத்தை நிரூபிப்பதுதான் கஷ்டம், கச்சேரிக் காசு கையில் வாங்குவதாயிற்றே. போன சித்திரை, வைகாசித் திருவிழா போஸ்டர்களை, எந்த ஊர், எந்தத் தேதி என்று போட்டோ எடுத்துச் சேர்த்துவையுங்கள். அவர் சொத்து, வருமானம் எல்லாம் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும், மூன்று கச்சேரிதான் பாடினேன் என்று எழுதினால் அப்போது நீட்டலாம்.

நோட்டீஸ் வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கையில் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி, ஏ.ஆர். காப்பியோடு சேர்த்து, கெடு முடியும் முன் ஆணைக்குழு வக்கீலிடம் கொடுங்கள். பதில் நோட்டீஸை அவர் அனுப்புவார்.