ஒரே வீட்டில் இரண்டு திருநங்கைகள் இருக்க வாய்ப்பு உண்டா?

‘ஒரே வீட்டில் இரண்டு பேர் திருநங்கைகள் என்கிறார்கள். இது நடக்குமா, இல்லை ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் ஆனதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் பேசப்போன இடத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறீர்கள் என நினைக்கிறேன். எனக்குப் பார்த்த இரண்டு சம்பந்தங்கள் இந்தக் கேள்வியால்தான் நின்றன.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். மூன்று பிள்ளைகளில் நான் நடு. பெரியவள் திருநங்கை. 2006இல் வீட்டை விட்டுப் போனாள், அப்போது சின்னவளுக்கு 5 வயது. அதற்குப் பிறகு அவள் குரலைக்கூடச் சின்னவள் கேட்டதில்லை. 2017இல் ஒரு ராத்திரி இரண்டு பேரும் பீடி சுற்றிக்கொண்டிருந்தோம். ரோஸ் நூலை இழுத்துக் கட்டிவிட்டு, தலை நிமிராமலே, “எக்கா, நானும் பெரியக்கா மாதிரிதான்” என்றாள். என் கையிலிருந்த பீடி பிரிந்து தூளெல்லாம் மடியில் கொட்டியது. “பெரியவன் சொல்லிக் கொடுத்துட்டான்” என்று அப்பா கத்தினார். எப்படிச் சொல்லிக் கொடுக்க முடியும்? பள்ளிக்கூடத்தில் பையன்கள் வரிசையில் நிற்க மாட்டேன் என்று இவள் அழுதது ஒன்றாம் வகுப்பில். பெரியவளால் இவளுக்குக் கிடைத்தது, தனக்கு என்ன என்று சொல்ல ஒரு வார்த்தை. அதையும் ஊர்க்காரர்கள் ஏச்சாகத்தான் காதில் போட்டார்கள்.

சொந்தத்தில் கணக்கு வாத்தியார் மாமா ஒருத்தர் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேரில் ஆண், பெண் என்றில்லாமல் ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் 22,364, அதாவது சுமார் 3,200 பேருக்கு ஒருவர். அதை அதாலேயே பெருக்கி, ஒரே வீட்டில் இரண்டு பேர் என்பது கோடியில் ஒன்று, நம்ப முடியாது என்றார். நாணயத்தைச் சுண்டுவதற்கு அந்தப் பெருக்கல் சரி. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குச் சரிவராது. அப்பனுக்கும் மகனுக்கும் சர்க்கரை வந்தால் யாராவது இப்படிப் பெருக்குகிறார்களா? உடனே ‘அப்போ நோய்தானே’ என்று வராதீர்கள். நோய் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டரும் இல்லை. ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரில் இரண்டு பேருமே இப்படி இருப்பது, தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரைவிடக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அப்போதும் ஒருத்தர் மட்டும் இப்படி இருப்பது உண்டு. பிறப்பில் ஏதோ ஒரு பங்கு இருக்கிறது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

அந்த 22,364இலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. 2011இல் கணக்கெடுக்க வந்தவர் எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்து எழுதினார். அப்பா பெரியவள் பெயரையே சொல்லவில்லை, சின்னவளுக்கு ‘ஆண்’ என்று சொன்னார். இப்படி எத்தனை திண்ணைகளோ!

  

அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால், எதுவும் சொல்லாமல் எனக்குப் போன் பண்ணச் சொல்லி அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். “நீ எதுக்குட்டி, நானே சொல்லுதேன்” என்கிறாள்.