புதிய குற்றவியல் சட்டங்கள்: கேளுங்கள், பதில் சொல்கிறேன்

தென்காசி வாசகர்: ஐயா, பஸ்ஸில் என் பையை அறுத்து நகையைத் திருடிவிட்டார்கள். எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்கிறார்கள்.

எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள்; அது மனு வாங்கியதற்கான சீட்டு மட்டுமே. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், அது இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சேலம் வாசகர்: 2023இல் நடந்த அடிதடிக்கு எந்தச் சட்டம்?

குற்றம் நடந்த நாள்தான் கணக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

கோவை வாசகர்: நாடாளுமன்றத்தில் இவற்றை ஒழுங்காக விவாதித்தார்களா?

இல்லை என்பதே என் வருத்தம். 2023 டிசம்பர் 20இல் மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றிவிட்டன. அந்த நேரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140 பேருக்கு மேல் இடைநீக்கத்தில் இருந்தார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். போலீஸ் காவல் அன்றும் இன்றும் மொத்தம் 15 நாள்தான்; முன்பு அதை ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். இப்போது வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளில் பிரித்துப் பிரித்து எடுக்கலாம். லாக்கப் சாவுகளைக் கண்ட நாட்டில் இந்த ஒரு பிரிவுக்கே ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்திருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: திருட்டு வழக்கில் என் மகன் 14 மாதமாக விசாரணைக் கைதி. ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லை ஐயா.

அம்மா, சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. முன்பு தண்டனை பெறாதவர் அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 12 மாதத்தை, உள்ளே கழித்துவிட்டால் அதே சன்ஹிதாவின் 479ஆவது பிரிவின்படி விடுவிக்க வேண்டும். பிணையாள் தேவையில்லை, அவருடைய சொந்தப் பிணையே போதும். சட்டம் வருவதற்கு முந்தைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வேறு வழக்கோ நிலுவையில் இருந்தால் கிடைக்காது. ஏழைப் பையன்கள் மீதுதான் வழக்குகளை அடுக்குகிறார்கள். இந்த விலக்கை நாடாளுமன்றம் நீக்கியே ஆக வேண்டும். நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. நாளைக்கே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், வக்கீல் இலவசம். மகனின் வழக்கு எண்ணையும் ரிமாண்ட் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.