ஊருக்குப் புதிய வெல்ஷ் வழிப் பள்ளி வருகிறது: கவுன்சிலுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: தென்கிழக்கு வேல்ஸில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். எங்கள் கவுன்சில் புதிதாக ஒரு வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி தொடங்குவது பற்றிக் கருத்துக் கேட்டுப் பெரிய ஆவணம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ்தான். எங்களுக்கு வெல்ஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மகளுக்கு 3 வயது. மகன் ஆங்கில வழிப் பள்ளியில் இயர் 1 படிக்கிறான். இருவரையும் புதிய பள்ளியில் சேர்க்க ஆசை. எங்கள் கருத்துக்கு மதிப்பு இருக்குமா, என்ன எழுத வேண்டும்? பள்ளி வரப்போகும் தெருவில் இருப்பவர்கள் கார் நெரிசல் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அதனால் திட்டம் நின்றுவிடுமா?

பதில்: மதிப்பு உண்டு. கருத்துச் சொல்ல வெல்ஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, குடியுரிமையும் தேவையில்லை. உங்களைப் போன்றவர்கள் எழுதுவதுதான் முக்கியம் என்றுகூடச் சொல்வேன். தென்கிழக்கில் வெல்ஷ் வழிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் வெல்ஷ் பேசாதவர்கள்தான். பள்ளியும் அதற்கேற்பவே நடக்கிறது. சுமார் 7 வயது வரை எல்லாம் வெல்ஷில், அதன் பிறகு ஆங்கிலம் பாடமாக வரும். வீட்டுக்கு அனுப்பும் கடிதங்கள் இரண்டு மொழியிலும் இருக்கும்.

கவுன்சில் இதில் இறங்கியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர். 2050க்குள் இதைப் பத்து லட்சம் ஆக்குவது வேல்ஸ் அரசின் இலக்கு. அதற்காக ஒவ்வொரு கவுன்சிலும் வெல்ஷ் வழிக் கல்விக்கு ஒரு 10 ஆண்டுத் திட்டம் போட வேண்டும் என்பது சட்டம். இப்போதைய திட்டங்கள் 2022 செப்டம்பரில் தொடங்கியவை. உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் அதைத் தேடிப் படியுங்கள். இந்தப் பள்ளியைப் பற்றி அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள், எந்த ஆண்டு என்று போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதே வரியை உங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டுங்கள். தாங்களே எழுதிக்கொடுத்த வாக்குறுதியை அதிகாரிகள் எளிதில் தள்ள மாட்டார்கள்.

அடுத்து, எப்போது எழுதுவது என்பது. இதில்தான் ஆதரவாளர்கள் பலர் கோட்டைவிடுகிறார்கள். பள்ளி அமைப்பு தொடர்பான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு கட்டங்கள் உண்டு. இப்போது நடப்பது முதல் கட்டம், கருத்துக் கேட்பு. குறைந்தது 42 நாள் திறந்திருக்க வேண்டும்; அதில் 20 நாளாவது பள்ளி நடக்கும் நாளாக இருக்க வேண்டும். அது முடிந்து 13 வாரத்துக்குள் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். வந்த கருத்துகளில் எழுந்த விஷயங்களைச் சுருக்கிச் சொல்லி, ஏற்கிறோம், ஏற்கவில்லை, காரணம் இது என்று அதில் பதிலும் தர வேண்டும். பள்ளி ஆய்வு அமைப்பான எஸ்டினின் கருத்தும் அதில் முழுமையாக வரும். திட்டத்தைத் தொடர முடிவானால் சட்டப்படியான அறிவிப்பு வெளியாகி, 28 நாள் ஆட்சேபம் கேட்பார்கள்.

இந்த இரண்டாம் கட்டத்தில் எண்ணப்படுவது ஆட்சேபங்கள் மட்டுமே. ஆதரவுக் கடிதத்துக்கு அங்கே இடமில்லை. அதேபோல முதல் கட்டத்தில் எதிர்த்து எழுதியவர்களும் மறுபடி எழுதினால்தான் ஆட்சேபமாகும். ஆக, பள்ளி வேண்டும் என்பவர்களுக்கு இருப்பது இந்த 42 நாள்தான். பொதுக்கூட்டம் வைப்பார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம் என்றும் காத்திருக்காதீர்கள். கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்று விதி இல்லை.

சரி, என்ன எழுதுவது? 'ஆதரிக்கிறோம்' என்று ஒரு வரி எழுதினால் அது எண்ணிக்கையில் ஒன்று கூடுமே தவிர, அதற்குக் கவுன்சில் பதில் சொல்ல வேண்டிய எதுவும் அதில் இருக்காது. ஆதரவைச் சொல்லிவிட்டு, எந்த ஏற்பாடுகளோடு பள்ளி திறக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்போது எழுத்தில் பதில் வரும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்தும் கேள்வி கேட்கலாம்.

ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார வேண்டாம். மாணவர் எண்ணிக்கை அட்டவணைக்கு நேராகப் போங்கள். 210 இடம் என்றால் ஆண்டுக்கு 30 பிள்ளைகள், ரிசப்ஷன் (இயர் 1க்கு முந்தைய வகுப்பு) முதல் இயர் 6 வரை ஏழு வகுப்பு. ஆனால் புதிய வெல்ஷ் வழிப் பள்ளிகள் பலவும் ஏழு வகுப்போடு திறப்பதில்லை. நர்சரியும் ரிசப்ஷனும் மட்டும் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்கின்றன. நாற்றுப் பள்ளி என்று இதைச் சொல்கிறார்கள். மான்மத் நகரில் 2024 செப்டம்பரில் ஓர் ஆங்கில வழிப் பள்ளி வளாகத்திலேயே அப்படி ஒன்று தொடங்கியது. நியூபோர்ட்டின் நான்ட் குவென்லி பள்ளி 2021 செப்டம்பரில் கார்லியனில் ஒரு தற்காலிக இடத்தில் திறந்தது. அதன் நிரந்தர இடம் ஊரின் இன்னொரு பக்கத்தில், பில்குவென்லியில். கார்டிஃபின் ஹமாட்ரியாட் பள்ளியும் 2016இல் வேறொரு பள்ளி வளாகத்தில் தொடங்கி, 2019 தொடக்கத்தில்தான் பியூட்டவுனில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது.

ஆகவே தற்காலிக இடம் எது, எத்தனை ஆண்டு, அதுவரை பிள்ளைகளை யார் கொண்டுபோவது என்று கேட்பது அவசியம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பயணம் 2 மைலோ அதற்கு மேலோ இருந்தால்தான் சட்டப்படி உண்டு, நர்சரிக்கு அதுவும் இல்லை. நிரந்தர இடம் உங்கள் தெருமுனையில் இருக்கலாம், தற்காலிக இடம் ஒன்றே முக்கால் மைலில் இருக்கலாம். காலை ஷிஃப்ட்டுக்கு ஓடும் பெற்றோருக்கு இதுதான் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும். பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் வருடம் முப்பது பிள்ளைகள்தானே என்று அதைத் தள்ளிப்போட்டால் அந்த முப்பது பேரும் வர மாட்டார்கள்.

அதே வளாகத்தில் மழலையர் குழு உண்டா என்றும் பாருங்கள். மிடியட் மைத்ரின் என்ற அமைப்பு 1971 முதல் வேல்ஸ் முழுக்க வெல்ஷ் வழி மழலையர் குழுக்களை வளர்த்துவருகிறது. ரிசப்ஷனுக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருவார்கள். மேல்நிலைப் பள்ளி பற்றியும் ஒரு வரி போதும்: 11 வயதில் இவர்கள் எங்கே போவார்கள், அங்கே இடம் இருக்கிறதா?

பின்னிணைப்பில் வெல்ஷ் மொழி மீதான தாக்கம் பற்றி ஒரு மதிப்பீடு இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகும் பக்கம் அது. தாண்டாதீர்கள். நீத் போர்ட் டால்பட் கவுன்சில் பொன்டர்டாவே பகுதியில் மூன்று பள்ளிகளை மூடி ஒரு பெரிய ஆங்கில வழிப் பள்ளி கட்ட எடுத்த முடிவை, வெல்ஷ் வழிக் கல்விக்கான பெற்றோர் அமைப்பு வழக்குப் போட்டு எதிர்த்தது. வெல்ஷ் மீதான தாக்கத்தைச் சரியாக ஆராயாமல் கருத்துக் கேட்டது தவறு என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஊரில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே இருக்கும் வெல்ஷ் வழிப் பள்ளியின் பிள்ளைகளைப் புதிய பள்ளி இழுத்துக்கொள்ளுமா, அல்லது புதிதாகப் பிள்ளைகள் வருவார்களா என்பது. அதில் உங்கள் குடும்பமே ஒரு சான்று. 'இந்தப் பள்ளி இல்லாவிட்டால் மகளை ஆங்கில வழியில்தான் சேர்த்திருப்போம்' என்பது உண்மையானால் அப்படியே எழுதுங்கள்.

இனி நெரிசல். பள்ளி வேண்டுமா என்பது ஒரு முடிவு, கட்டடத்துக்கு அனுமதி என்பது இன்னொன்று. 1,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால், விண்ணப்பத்துக்கு முன்பே அதற்கென்று தனியாக 28 நாள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும். கார், வடிகால், மரம், வேலி எல்லாம் அங்கே விரிவாக வரும். கையெழுத்து எத்தனை சேர்ந்தது என்பதைவிட அதிலுள்ள காரணத்துக்குத்தான் எடை. நெரிசல் என்று எழுதியதாலேயே பள்ளித் திட்டம் நிற்காது. இடமோ நுழைவாயிலோ மாறலாம். ஹமாட்ரியாட் பள்ளியைப் பெற்றோர் நடந்தும் சைக்கிளிலும் வருவதை வைத்தே திட்டமிட்டார்கள். அதை எடுத்துக்காட்டி, நடைபாதையும் சாலையைக் கடக்கும் இடமும் வேண்டும் என்று கேட்டால், அந்தத் தெருக்காரர்களும் உங்களோடு சேரக்கூடும்.

மகன் விஷயத்தில் மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நர்சரி, ரிசப்ஷனோடு பள்ளி திறந்தால் அவன் வயதுக்கு அங்கே வகுப்பே இருக்காது. அவனுக்குப் பின்னாலேயேதான் பள்ளி வளரும். அவனை மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே இருக்கும் வெல்ஷ் வழிப் பள்ளியில் இடம் கேட்பதுதான் வழி. தாமதமாகச் சேரும் பிள்ளைகளுக்கு வெல்ஷை விரைவாகச் சொல்லிக்கொடுக்கும் மையங்கள் பல கவுன்சில்களில் உண்டு. உங்களூரில் உண்டா, எந்த வயதில் எடுப்பார்கள் என்பதையும் இந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இப்போதிருக்கும் பள்ளியில் அவன் சந்தோஷமாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அப்புறம் காலையில் இரண்டு பள்ளிக்கூட வாசல் ஏற வேண்டும், அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு அடுத்த செப்டம்பர் ரிசப்ஷன் என்றால், கருத்துக் கேட்பு எங்கே நின்றாலும் சேர்க்கை விண்ணப்பம் அதற்காகக் காத்திருக்காது. பல கவுன்சில்களில் ஜனவரியிலேயே கடைசி நாள் முடிந்துவிடும். இடம் ஏப்ரல் 16 வாக்கில் தெரியவரும். நர்சரியில் சேர்ந்ததால் ரிசப்ஷன் இடம் தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் புதிய பள்ளி உறுதியாகிப் படிவத்தில் இருந்தால் அதை முதல் விருப்பமாகவும், இப்போதுள்ள வெல்ஷ் வழிப் பள்ளியை இரண்டாவதாகவும் போடுங்கள். உறுதியாகவில்லை என்றால் இரண்டாவதே முதலாகட்டும். திட்டம் பிறகு நிறைவேறினால் மாற்றிக்கொள்ள முடியுமா என்று சேர்க்கைப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.