ஏறிப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ள முடியாது!

கேள்வி: 2002-ல் ஏவுகணை ஏற்றி வந்த வட கொரியக் கப்பலை ஸ்பெயின் கடற்படை மடக்கியது. பிறகு அமெரிக்காவே விட்டுவிட்டதாமே, ஏன்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: சோதனை போடச் சட்டம் இருந்தது, பறிமுதல் செய்யச் சட்டம் இல்லை. நடுக்கடலில் ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ, அந்த நாட்டுக்குத்தான் அதன்மீது அதிகாரம். கொடியில்லாத கப்பலில் பிற நாட்டுப் போர்க்கப்பல் ஏறிப் பார்க்கலாம். நீங்கள் கேட்ட 'சோ சான்' கப்பல் கொடி கட்டாமல் வந்தது. நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை. ஸ்பெயினின் 'நவாரா' போர்க்கப்பல் எச்சரிக்கையாகச் சுட்டுவிட்டு, ஹெலிகாப்டரிலிருந்து கயிறு வழியாக வீரர்களை இறக்கியது. சரக்குப் பட்டியலில் இருந்தது சிமெண்ட். மூட்டைகளுக்கு அடியில் கிடந்தவை 15 ஸ்கட் ஏவுகணைகள். "நாங்கள் வாங்கிய சரக்கு" என்று ஏமன் உரிமை கோரியது. வட கொரியாவின் ஏவுகணை ஏற்றுமதிக்கு ஐ.நா. தடை வந்ததே 2006-ல்தான். வேறு வழியில்லாமல் கப்பலை அனுப்பிவைத்தார்கள்.

கேள்வி: அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்களா?
- வாசகி, திருச்சி

பதில்: பாதிதான். 2003 மே 31-ல் போலந்தின் கிராக்கோவ் நகரில் அன்றைய அமெரிக்க அதிபர் புஷ் அறிவித்த 'பரவல் தடுப்புப் பாதுகாப்பு முன்முயற்சி' (பேரழிவு ஆயுதங்கள் கைமாறுவதைத் தடுக்கும் நாடுகளின் கூட்டு ஏற்பாடு) 11 நாடுகளோடு தொடங்கியது. இன்று நூறைத் தாண்டிவிட்டது. இதற்குத் தலைமையகமும் கிடையாது, தனிப்படையும் கிடையாது. அவரவர் நாட்டுச் சட்டத்தை அவரவர் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையான பலம், பிற நாட்டார் கப்பல்களுக்கும் தங்கள் கொடியைத் தரும் லைபீரியா, பனாமா போன்ற நாடுகளோடு அமெரிக்கா தனித்தனியே போட்ட ஒப்பந்தங்களில் இருக்கிறது. லைபீரியக் கொடிக் கப்பல்மீது சந்தேகம் வந்தால் அந்த நாட்டிடம் அனுமதி கேட்க வேண்டும்; 2 மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்றே கணக்கு.

ஆனால் ஏறிவிட்டால் போதாது. அடுக்கடுக்காக ஏற்றிய கன்டெய்னர்களில் அடியில் இருப்பதைக் கடலில் வைத்து எப்படித் திறப்பது? கிரேன் வேண்டும், துறைமுகம் வேண்டும். 2003 அக்டோபரில் 'பிபிசி சைனா' என்ற கப்பல் விஷயத்தில் அப்படித்தான் செய்தார்கள். துபாயிலிருந்து லிபியாவுக்குப் போன அந்தக் கப்பலின் உரிமையாளர் ஜெர்மன் நிறுவனம். ஜெர்மனி கேட்டுக்கொள்ள, கப்பல் இத்தாலியின் தாரந்தோவுக்குத் திரும்பியது. அணுகுண்டு செய்வதற்காக யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்களுக்கான, மலேசியாவில் செய்த பாகங்கள் அங்கே சிக்கின. எந்தக் கன்டெய்னர் என்று துப்பு முன்பே கிடைத்திருந்தது. அது இல்லாவிட்டால் எந்தக் கடற்படையாலும் ஒன்றும் ஆகாது.

கேள்வி: இந்தியா இதில் இருக்கிறதா?
- வாசகர், கோவை

பதில்: சேரவில்லை. ஆனால் இது தொடங்குவதற்கு முன்பே, 1999-ல், குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் சர்க்கரை இறக்க வந்த வட கொரியாவின் 'கு வோல் சான்' கப்பலை நம் சுங்கத்துறை சோதித்தது. 'நீர் சுத்திகரிப்புக் கருவிகள்' என்று எழுதிய பெட்டிகளில் இருந்தவை ஏவுகணைப் பாகங்களும் வரைபடங்களும். கப்பல் நம் துறைமுகத்தில் நின்றதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.