கேள்வி - பதில்: குளியலறையில் எதற்குத் தாராளம், எதற்குச் சிக்கனம்?

கேள்வி: படுக்கையறையை ஒட்டிய குளியலறையைப் புதுப்பிக்கப் போகிறோம். கையில் இருப்பது அளவான தொகை. கணவருக்கு மழைபோல் கொட்டும் பெரிய ஷவர் வேண்டும். எனக்கு, கூரைவரை விலை உயர்ந்த டைல்ஸ் ஒட்ட ஆசை. கமோடை ஜன்னல் பக்கம் மாற்றவும் எண்ணம். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டினால் மிச்சமாகும் என்கிறார் கொத்தனார். கீழ்வீட்டுக் கூரையில் லேசாக ஓதம் தெரிகிறது. வயதான என் அம்மாவும் இந்தக் குளியலறையைத்தான் பயன்படுத்துகிறார். எதில் மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: போகிறபோக்கில் 'லேசாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஓதத்துக்குத்தான் முதல் பணம். பழைய தரையின் மேல் புதிய டைல்ஸ் ஒட்டுவது தவறான முறை அல்ல. அடித்தளம் உறுதியாகவும் கசிவில்லாமலும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். உங்கள் வீட்டில் தண்ணீர் ஏற்கெனவே வழி கண்டுபிடித்துவிட்டது. அதன் மேல் எதை ஒட்டினாலும் கசிவு அடியில் தொடரும். தரைமட்டம் உயர்ந்து, குளியலறைத் தண்ணீர் படுக்கையறைக்குள் வரவும் வாய்ப்பு உண்டு. உடைத்துவிடுங்கள்.

உடைத்த பிறகு, வடிகாலை நோக்கி மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம் வைத்துச் சாந்து போட்டு, அதன் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூச வேண்டும். தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஓர் அடி ஏற்றச் சொல்லுங்கள். ஷவர் சுவரில் தலைக்கு மேல்வரை. டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கிரௌட்டே தண்ணீரைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது இடுக்கை மூடுமே தவிர, பூச்சின் வேலையைச் செய்யாது.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் வடிகால் வாயை இறுக அடைத்து, தரை முழுவதும் மூழ்கத் தண்ணீர் தேக்குங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் கழித்துக் கோட்டைப் பாருங்கள், கீழ்வீட்டுக் கூரையையும் கையால் தொட்டுப் பாருங்கள். காற்றில் ஆவியாகி மட்டம் சிறிது இறங்கும். கூரையில் மட்டும் புதிய ஈரம் துளியும் இருக்கக் கூடாது. வேலை இரண்டு நாள் நிற்கிறதே என்று கொத்தனார் முணுமுணுப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த தாராளம், சுவருக்குள் மறையும் பொருட்களுக்கு. வெந்நீர் தாங்கும் குழாய், தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், பித்தளை உடல் கொண்ட டைவர்ட்டர், வால்வு ஆகியவை தரமானவையாக இருக்கட்டும். அவை பழுதானால் டைல்ஸையும் உடைக்க வேண்டிவரும். கண்ணாடி, அலமாரி, விளக்கு, துண்டு மாட்டும் கம்பி இவையெல்லாம் திருகைக் கழற்றி மாற்றக்கூடியவை. இவற்றை எளிமையாக வாங்குங்கள். மனம் விரும்பினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கமோடு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதை நகர்த்தினால் அந்தப் பருமனான கழிவுக்குழாயும் நகர வேண்டும். அதற்கு வாட்டம் கொடுக்கத் தரையை உயர்த்த வேண்டும். நீளம் கூடக்கூட அடைப்பும் கூடும். இந்த ஒரு முடிவிலேயே பெருந்தொகை மிஞ்சும்.

ஷவர் விஷயத்தில் கணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் சுமார் 0.3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) மட்டும்தான். அகலமான ஷவர் முகத்தில் அது சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அழுத்தம் கூட்டும் மோட்டார் வைக்கத் தயாரில்லை என்றால் சிறிய கை ஷவரே சுகம். அம்மா உட்கார்ந்து குளிக்கவும் அதுதான் வசதி.

டைல்ஸ் ஆசையை நான் தடுக்க மாட்டேன். கண்ணில் முதலில் படும் ஒரு சுவரில் மட்டும் நீங்கள் விரும்பியதை ஒட்டுங்கள். மற்றச் சுவர்களில் சாதாரண செராமிக் போதும். தண்ணீர் தெறிக்காத உயரத்துக்கு மேல் ஈரம் தாங்கும் பெயிண்ட் அடித்துவிடலாம். தரைக்கு மட்டும் பளபளப்பு வேண்டவே வேண்டாம். சொரசொரப்பான, வழுக்காத டைல்ஸ் வாங்குங்கள். கடையில் காய்ந்த டைல்ஸைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றி உள்ளங்கையை அழுத்தித் தள்ளிப் பாருங்கள்.

கீசர் இணைப்புக்கு முறையான எர்த்திங்கும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் கட்டாயம். இதில் பேரமே கிடையாது.

அம்மாவுக்கான கைப்பிடிகளை கமோடு பக்கத்திலும் ஷவர் பக்கத்திலும் இப்போதே திட்டமிடுங்கள். உட்புறம் பொள்ளலான தடுப்புச் சுவரில் கைப்பிடி ஆளின் எடையைத் தாங்காது. டைல்ஸ் ஒட்டும் முன்பே உள்ளே வலுவான முட்டுக் கொடுத்தாக வேண்டும். குழாய்கள் போகும் சுவர்களை, அளவுநாடாவைப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். பின்னால் துளை போடுபவர் குழாயில் போட்டுவிடாமல் இருக்க அந்தப் படம் உதவும்.